அபிமெலேக்கும் நம்ம ஊர் ஓட்டும்

தேர்தல் தேதி அறிவித்த மறு ஞாயிறே சபைகளில் இரண்டு வேதபகுதிகள் வந்துவிடும். ஒன்று ரோமர் 13, அதிகாரங்களுக்குக் கீழ்ப்படிதல். இன்னொன்று எரேமியா 29:7, பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுதல். இரண்டையும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஜனங்கள் கூடித் தங்களுக்கு ஒரு ஆளுகிறவனைத் தெரிந்துகொண்ட கதை நியாயாதிபதிகள் 9ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. தேர்தல் நேரத்தில் அதைப் பிரசங்கத்துக்கு எடுப்பவர்கள் குறைவு. எடுத்தால் சபையில் பாதிப் பேருக்குச் சங்கடம்.

அபிமெலேக்கு கிதியோனின் மகன், தாய்வழியில் சீகேம் ஊர்க்காரன். அவன் தாய்மாமன்மாரிடம் போய்ச் சொல்லச் சொல்கிற முதல் வார்த்தை, ‘நான் உங்கள் எலும்பும் உங்கள் மாம்சமும்’ என்பது. ஊரார் மனம் சாய்ந்ததற்கு வேதம் சொல்லும் காரணமும் அதுவே: ‘அவன் நம்முடைய சகோதரன்’. அடுத்து, கோயில் கருவூலத்திலிருந்து எழுபது வெள்ளிக்காசு. அந்தக் காசில் அவன் கூலிக்குப் பிடித்தது வீணரும் போக்கிரிகளும். சொந்தம், பணம், அடியாள் என்ற வரிசை அன்றைக்கே இருந்திருக்கிறது. அவன் மூன்று வருஷம் ஆண்டான். முடிவில் அவன் தீ வைத்துக் கொன்ற ஆணும் பெண்ணுமான ஆயிரம் பேரும் வேற்று ஊரார் அல்ல, அவனை ராஜாவாக்கின அதே சீகேமைச் சேர்ந்தவர்கள்.

விசுவாசத்தை நடுவில் வைத்து ஓட்டுப் போடுவது என்றால், ‘இவர் நம்ம ஆளா?’ என்ற கேள்வியை முதலிடத்திலிருந்து இறக்குவதுதான் தொடக்கம். நம்ம ஆள் என்பது நம்ம சாதியாக இருக்கலாம், நம்ம சபையாகவும் இருக்கலாம், இரண்டும் ஒரே தவறுதான். யாத்திராகமம் 18:21-ல் எத்திரோ தன் மருமகன் மோசேக்குக் கொடுத்த அளவுகோல் வேறு: திறமையுள்ளவர்கள், தேவனுக்குப் பயந்தவர்கள், உண்மையுள்ளவர்கள், பொருளாசையை வெறுக்கிறவர்கள். நான்கில் ஒன்றுதான் பக்தியைப் பற்றியது. மற்ற மூன்றையும் வெளியிலிருந்தே ஓரளவு சோதித்துப் பார்க்க முடியும், அதற்கான காகிதங்களைத் தேர்தல் ஆணையமே கொடுக்கிறது.

வேட்பாளர் ஒவ்வொருவரும் வேட்புமனுவோடு படிவம் 26 என்ற உறுதிமொழிப் பத்திரத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். அது ஆணையத்தின் இணையதளத்திலும், வேட்பாளர் விவரத்துக்கென ஆணையம் வைத்திருக்கும் செயலியிலும் அப்படியே ஸ்கேன் செய்யப்பட்டுக் கிடைக்கும். வேட்புமனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாளுக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையில் சட்டப்படி குறைந்தது 14 நாள் இருக்கும். ஒரு தொகுதியில் நிஜமாகவே ஜெயிக்க வாய்ப்புள்ளவர்கள் மூன்று நான்கு பேர்தான். இரண்டு வாரத்தில் நான்கு பத்திரங்களை வாசிப்பது பெரிய வேலை அல்ல.

வாசிக்கும்போது எங்கே நிற்க வேண்டும் என்பதுதான் முக்கியம். முதலில் வழக்குகள். ‘அவர் மேல் எட்டு கேஸ் இருக்கு’ என்ற எண்ணிக்கையால் ஒரு பயனும் இல்லை. தமிழ்நாட்டில் தெருவில் இறங்கிப் போராடிய எவர் மேலும் வழக்கு இருக்கும். சட்டவிரோதமாகக் கூடியது, வழிமறித்தது, அதிகாரியின் உத்தரவை மீறியது என்பவை பழைய தண்டனைச் சட்டத்தில் 143, 341, 188. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 189, 126, 223. இவை பெரும்பாலும் மறியல், ஆர்ப்பாட்ட வழக்குகள். குடிதண்ணீருக்கோ கல்லறைத் தோட்டத்துக்கோ நடுரோட்டில் உட்கார்ந்தவருக்கும் இதே பிரிவுகள்தான். யோவான்ஸ்நானகன் முதல் பவுல் வரை சிறைக்குப் போனவர்களின் வரலாற்றை வாசிக்கிற நாம் இதற்கு முகம் சுளிக்கத் தேவையில்லை. கொலை முயற்சி 307 அல்லது 109, நம்பிக்கை மோசடி 406 அல்லது 316, ஏமாற்றுதல் 420 அல்லது 318, மதப் பகைமையைத் தூண்டுதல் 153அ அல்லது 196, இவற்றோடு ஊழல் தடுப்புச் சட்டம் என்று கண்டால் நிற்க வேண்டும். அதிலும் முதல் தகவல் அறிக்கை மட்டுமா, நீதிமன்றம் குற்றச்சாட்டு வனைந்துவிட்டதா, தண்டனை ஆகி மேல்முறையீட்டில் இருக்கிறதா என்று பத்திரத்திலேயே தனித்தனியாக இருக்கும். எதிர்க்கட்சி கொடுத்த புகாரின் முதல் தகவல் அறிக்கையும், நீதிபதி ஆவணங்களைப் பார்த்துவிட்டு வனைந்த குற்றச்சாட்டும் ஒரே எடை உடையவை அல்ல.

வழக்குள்ள வேட்பாளர், பிரசார காலத்தில் மூன்று தடவை நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் அதை விளம்பரப்படுத்த வேண்டும். அவரை நிறுத்திய கட்சியும், வழக்கில்லாத வேறு ஒருவரை ஏன் நிறுத்த முடியவில்லை என்று காரணம் எழுதி வெளியிட வேண்டும். ‘ஜெயிப்பார்’ என்பதைக் காரணமாகக் காட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்தக் காரணங்களை வாசித்துப் பாருங்கள். ‘தொகுதி மக்களிடம் நற்பெயர் பெற்றவர்’ என்கிற வகையில் ஒரே வாக்கியம் பத்துப் பேருக்கு ஒட்டப்பட்டிருந்தால், அந்தக் கட்சி எத்திரோவின் கேள்வியைக் கேட்டுக்கொள்ளவே இல்லை என்று அர்த்தம்.

அடுத்து சொத்து. வேட்பாளர், வாழ்க்கைத்துணை, சார்ந்திருப்போர் பெயரில் உள்ள அசையும் அசையாச் சொத்து, கடன், கடைசி ஐந்து ஆண்டுகளின் வருமான வரிக் கணக்கில் காட்டிய வருமானம், வருமானத்தின் மூலம், அரசு ஒப்பந்தங்கள் எல்லாம் அதில் இருக்கும். சொத்தின் மொத்தத் தொகையைப் பார்த்து மலைப்பதோ, குறைவாக இருக்கிறதே என்று மெச்சுவதோ வீண். முந்தைய தேர்தலில் அதே ஆள் கொடுத்த பத்திரத்தை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். பூர்வீக நிலத்தின் சந்தை மதிப்பு ஏறியிருந்தால் அது வேறு. சொத்தை வாங்கிய தேதியும் வாங்கிய விலையும் பத்திரத்திலேயே இருக்கும். ஆண்டுக்கு ஆறு லட்சம் வருமானம் காட்டியவர், பதவியில் இருந்த ஐந்து வருஷத்தில் புதிதாகப் பல கோடிக்கு நிலம் வாங்கி, அதற்குக் கடனும் காட்டாமல் இருந்தால், ‘பொருளாசையை வெறுக்கிற’ என்ற வார்த்தைக்கு அவர் பொருந்துவாரா என்பதற்கு ஜெபித்து வெளிப்பாடு பெற வேண்டியதில்லை. கூட்டிக் கழித்தாலே தெரியும். மனைவியின் பெயரில் உள்ள பத்தியைத் தவறவிடாதீர்கள்.

வெளிப்பாடு என்றதும் ஒன்று. புதுவருஷ ஆராதனையில் ‘இந்த ஆண்டு இன்னார் ஆட்சிக்கு வருவார்’ என்று தீர்க்கதரிசனம் சொல்கிறவர்களை, சொன்னது நிறைவேறாவிட்டால் அது கர்த்தர் சொன்னதல்ல என்கிற உபாகமம் 18:22-ன்படி சோதித்தால் போதும். யார் ஜெயிப்பார் என்று தெரிந்துகொள்வதும் யாருக்குப் போடுவது என்று தீர்மானிப்பதும் எப்படியும் வேறு வேறு காரியம்.

இனி, கிறிஸ்தவர்களுக்கான வாக்குறுதிகள். இங்கேதான் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். காரணம் சிம்பிள்: எந்த அதிகாரம் எந்த மன்றத்தில் இருக்கிறது என்று பார்ப்பதில்லை. தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதி உரிமை மறுக்கப்படுவது 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தியால். 1956இல் சீக்கியரும் 1990இல் பவுத்தரும் அதில் சேர்க்கப்பட்டார்கள், இரண்டு முறையும் திருத்தியது நாடாளுமன்றம். தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் நிறைவேற்றியது மத்திய அரசை வலியுறுத்தும் தீர்மானம்தான், அதற்கு மேல் அதனால் முடியாது. ஆகவே சட்டமன்ற வேட்பாளர் ‘நான் வாங்கித் தருகிறேன்’ என்றால் தன் கையில் இல்லாததைத் தருகிறார். அதே கேள்வியை மக்களவை வேட்பாளரிடம் கேட்காமல் விடுவதும் தவறு. வெளிநாட்டு நன்கொடைச் சட்டமும் மத்திய அரசுடையது. 2020 திருத்தம்தான் நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆக்கி, பெற்ற பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றுவதையும் தடுத்தது.

மதமாற்றத் தடைச் சட்டம் அப்படியல்ல. அது மாநிலத்தின் கையில் இருக்கிறது. 2002இல் தமிழ்நாட்டில் கொண்டுவரப்பட்டது, 2004 மக்களவைத் தேர்தலில் ஆளுங்கட்சி ஒரு இடம்கூடப் பெறாமல் தோற்ற கையோடு கைவிடப்பட்டது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் ஆசிரியர் பணி நியமன ஒப்புதல் மாநிலக் கல்வித் துறையிடம். ஜெபவீட்டுக்கு அனுமதி, கல்லறைக்கு இடம், அங்கே போகப் பாதை என்பவையெல்லாம் மாவட்ட நிர்வாகமும் உள்ளாட்சியும் சேர்ந்து பார்ப்பவை. பல ஊர்களில் ஒரு விசுவாசியின் உடலை எங்கே அடக்கம் செய்வது என்ற சண்டை வரும்போது எம்.பி.யை விட ஊராட்சித் தலைவர்தான் முதலில் தேவைப்படுவார். உள்ளாட்சித் தேர்தலை அலட்சியமாக விடும் சபைகள் இதைத் தாமதமாகத்தான் உணர்கின்றன.

இதையெல்லாம் சொல்லிவிட்டு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பள்ளி நியமனம், நிலம், வெளிநாட்டுப் பணம் என்ற பட்டியல் பெரும்பாலும் நிர்வாகிகளின் பட்டியல். கடைசிப் பெஞ்சில் உட்காரும் தூய்மைப் பணியாளருக்கு ஒப்பந்தக்காரர் கூலியைப் பிடித்தம் செய்வதுதான் பிரச்சினை. மத்தேயு 25இல் நியாயாசனத்தில் கேட்கப்படும் கேள்விகள் ஆறு வகையான ஜனங்களைப் பற்றியவை: பசியுள்ளவர், தாகமுள்ளவர், அந்நியர், வஸ்திரமில்லாதவர், வியாதியஸ்தர், காவலில் இருப்பவர். ஒரு தேர்தல் அறிக்கையை எடுத்து இந்த ஆறு பெயரையும் ஓரத்தில் எழுதிக்கொண்டு வாசியுங்கள். ரேஷன், குடிநீர், அரசு மருத்துவமனை எல்லாக் கட்சியிலும் இருக்கும். அந்நியருக்கும் காவலில் இருப்பவருக்கும் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, ஏனென்றால் அவர்களுக்கு ஓட்டு இல்லை. இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் பிறந்து வளர்ந்து இன்னும் குடியுரிமை இல்லாதவர்கள் இருக்கிறார்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த கிறிஸ்தவர்களைச் சேர்த்தது, இலங்கையைச் சேர்க்கவில்லை. விசாரணைக் கைதியாகவே வருஷக்கணக்கில் சிறையில் கிடப்பவரும் அப்படித்தான். ‘ஊமையனுக்காக உன் வாயைத் திற’ என்ற நீதிமொழிகள் 31:8 இங்கே பொருந்தும் அளவுக்கு வேறெங்கும் பொருந்தாது. ஓட்டில்லாதவர்களைப் பற்றி ஒரு கட்சி ஒரு வரியாவது எழுதியிருக்கிறதா என்பது அந்தக் கட்சியின் மனசைக் காட்டும் நல்ல அடையாளம்.

மதுவிலக்குக்கு மட்டும் தனியாகக் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் சபைப் பெண்கள் அதற்காகக் கண்ணீரோடு ஜெபிக்கிறார்கள், கட்சிகளுக்கும் அது தெரியும். 2003இலிருந்து தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில். அரசுக்கு அதில் ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருகிறது. 2016 தேர்தலில் இரண்டு பெரிய கட்சிகளுமே மதுவிலக்கை வாக்குறுதியாகக் கொடுத்தன, ஜெயித்த கட்சி படிப்படியாக என்று சொல்லியிருந்தது. பதவியேற்றதும் 500 கடைகள் மூடப்பட்டன, அடுத்த ஆண்டு இன்னொரு 500. அந்த ஆட்சியில் அதற்குமேல் படி ஏறவில்லை. ஆகவே ‘பூரண மதுவிலக்கு’ என்ற இரண்டு சொல்லுக்காக ஓட்டைக் கொடுக்காமல், எத்தனை கடை, எந்தத் தேதிக்குள், அந்த வருமானத்துக்குப் பதில் எங்கிருந்து, குடிநோயாளிக்குச் சிகிச்சை எங்கே, கள்ளச்சாராயத்துக்கு என்ன ஏற்பாடு என்று கேட்க வேண்டும். இந்த ஐந்தில் இரண்டுக்காவது பதில் வைத்திருப்பவர் ‘படிப்படியாக’ என்று சொன்னாலும், பதிலே இல்லாமல் ‘முதல் கையெழுத்து’ என்று சொல்கிறவரை விட நம்பத்தக்கவர்.

பணத்துக்கு வருவோம். தமிழ்நாட்டுத் தேர்தலில் விசுவாசம் நிஜமாகச் சோதிக்கப்படுகிற இடம் இதுதான். அரவக்குறிச்சி, தஞ்சாவூர் 2016, ஆர்.கே.நகர் 2017, வேலூர் மக்களவை 2019 என்று ஓட்டுக்குப் பணம் கொடுத்ததாலேயே ரத்தான தேர்தல்கள் நம் மாநிலத்தில் ஒரு பட்டியலே உண்டு. கொடுப்பவர் மட்டுமல்ல, வாங்குபவரும் குற்றவாளி. ஒரு வருஷம் வரை சிறை. லஞ்சத்தைப் பரிதானம் என்று சொல்லும் வேதம் இன்னும் கடுமை: ‘பரிதானம் ஞானிகளின் கண்களைக் குருடாக்கி, நீதிமான்களின் நியாயங்களைத் தாறுமாறாக்கும்’ என்கிறது உபாகமம் 16:19. மூடர்களின் கண்களை என்று சொல்லவில்லை. ‘வாங்கிக்கிட்டு மனசாட்சிப்படி போட்டுட்டுப் போலாம், அது நம்ம வரிப்பணம்தானே’ என்று நினைக்கிற புத்திசாலியைத்தான் அந்த வசனம் குறிவைக்கிறது. ரெண்டு கட்சியிடமும் வாங்குவது நடுநிலையும் ஆகாது. அடுத்த தேர்தலுக்கு ரேட் ஏறும், செலவழிக்க முடியாத நல்ல ஆள் நிற்கவே மாட்டார்.

எப்படி மறுப்பது என்பதில்தான் சிக்கல். பணம் கொண்டுவருகிறவர் வேற்றாள் அல்ல, பக்கத்துத் தெரு பூத் கமிட்டி ஆள். கையில் வாக்காளர் பட்டியலின் அந்தப் பக்கம் இருக்கும், வீட்டுக்கு எத்தனை ஓட்டு என்று பேனாவால் சுழித்திருப்பார். வாங்கவில்லை என்றால் எதிர்க்கட்சி என்று குறித்துக்கொள்வார், நாளைக்குக் குழாய் இணைப்புக்கு அவரிடம்தான் போக வேண்டும். அதனால் பிரசங்கம் செய்யாமல், ‘அண்ணே, எங்க வீட்டுல எந்தப் பக்கமும் வாங்கிறதில்ல, நாளைக்கு அவங்க வந்தாலும் இதேதான்’ என்று சொல்லிவிடுவது நல்லது. சொன்னபடி மற்றவர் வந்தபோதும் வாங்காமல் இருந்தால் தெருவில் அது தெரிந்துவிடும், அடுத்த முறை வாசலைத் தாண்டிப் போய்விடுவார்கள். வீட்டில் ஒருவர் மறுத்து இன்னொருவர் பின்வாசலில் வாங்குவது சாதாரணமாக நடக்கிற ஒன்று. மாமியார், மகன், மருமகள் எல்லாரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். அன்றாடக் கூலியை நம்பியிருக்கும் விதவைக்கு அந்தத் தொகை ஒரு வாரச் சாப்பாடு. அவளை வேதவசனத்தால் அடிக்கிற சபை, அந்த வாரம் அவள் வீட்டுக்கு அரிசி பருப்பு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பேசட்டும்.

பணத்தைக் கொடுத்துச் சத்தியம் வாங்குகிறார்கள். பைபிள் மேலேயே கைவைக்கச் சொல்கிறவர்களும் உண்டு. ‘சத்தியம் பண்ணிட்டேன், மீறினா பாவம்தானே?’ என்று கேட்பவர்களுக்கு மாற்கு 6ஐக் காட்டலாம். நடனமாடிய பெண்ணிடம் கேட்டதைத் தருவேன் என்று சத்தியம் பண்ணிய ஏரோது, அந்த ஆணையினிமித்தமும் பந்தியிருந்தவர்களினிமித்தமும் மனமில்லாமலே யோவானின் தலையை வெட்டக் கொடுத்தான். வாக்கைக் காப்பாற்றினான் என்று யாரும் அவனைப் புகழவில்லை. தப்பான ஆணையை நிறைவேற்றுவது இரண்டாவது பாவம். மனந்திரும்பிப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுக்கலாம், முடியாவிட்டாலும் ஓட்டு உங்களுடையதுதான்.

சபைக்கு வாங்கும் லஞ்சத்தை யாரும் லஞ்சம் என்று சொல்வதில்லை. அசன விருந்துக்கு அரிசி, மைக் செட், கொடிமரம், காம்பவுண்டு சுவர். எம்.பி. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி, அதிலிருந்து வழிபாட்டிடத்துக்குள் வேலை செய்ய விதிமுறையில் இடம் இல்லை. அப்படியென்றால் சுவர் கட்டித் தருகிறேன் என்று நாற்காலியில் உட்கார்ந்து சொல்கிறவர் அதை எந்தப் பணத்தில் கட்டுவார்? இந்தக் கேள்வியைக் கமிட்டிக் கூட்டத்தில் யாராவது ஒருவர் கேட்டாலே போதும். திருமண்டலத் தேர்தலிலேயே சாதிவாரியாக அணி பிரித்துக் கவர் கொடுத்துப் பழகிய சபைகளில் அந்த ஒருவர் கிடைப்பது கஷ்டம்தான்.

போதகர்கள் கவனிக்க: வழிபாட்டிடத்தைப் பிரசார மேடையாக்கக் கூடாது என்பது தேர்தல் நடத்தை விதி மட்டுமல்ல, 1988ஆம் ஆண்டின் மத நிறுவனங்கள் தவறாகப் பயன்படுத்தல் தடுப்புச் சட்டமும் அதையே சொல்கிறது, ஐந்து வருஷம் வரை சிறை உண்டு. மதத்தின் பெயரால் ஓட்டுக் கேட்பது தேர்தலையே செல்லாததாக்கும் முறைகேடு. 2017 ஜனவரியில் ஏழு நீதிபதிகள் அமர்வு, வேட்பாளரின் மதம் மட்டுமல்ல வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்பதும் அதில் அடங்கும் என்று 4க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஆக, ‘கிறிஸ்தவர்களே, உங்கள் மதத்துக்காக எனக்குப் போடுங்கள்’ என்று கேட்கிற வேட்பாளரும் சிக்குவார். பிரசங்கபீடத்திலிருந்து செய்யக்கூடியது நிறைய இருக்கிறது: பணம் வாங்காதிருங்கள் என்று சொல்லலாம், எல்லா வேட்பாளருக்காகவும் ஜெபிக்கலாம், 85 வயது தாண்டியவர்களும் 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனமுள்ளவர்களும் வீட்டிலிருந்தே ஓட்டுப் போட 12டி படிவம் நிரப்ப உதவலாம். அறிவிக்கை வெளியான ஐந்து நாளுக்குள் அதைக் கொடுத்துவிட வேண்டும் என்பதால் முந்தின ஞாயிறே பட்டியல் தயாராக இருக்க வேண்டும்.

வாட்ஸப்பில் ‘இவர்கள் வந்தால் சபைகளை மூடச் சட்டம் தயார்’ என்றும், ‘அவர்கள் வந்தால் ஞாயிறு ஆராதனைக்கு அனுமதி வாங்கணும்’ என்றும் வரும். சட்டத்தின் பெயர், மசோதா தாக்கலான தேதி, எந்த மன்றம் என்ற மூன்றும் இல்லாத செய்தியை அனுப்பாதீர்கள். உண்மையான ஆபத்துகள் இருக்கின்றன, பல மாநிலங்களில் மதமாற்றத் தடைச் சட்டத்தின் கீழ் போதகர்கள் கைதாகிறார்கள். பொய் எச்சரிக்கைகளால் அந்த உண்மையும் நம்பப்படாமல் போகிறது. ‘அபாண்டமான சொல்லை ஏற்றுக்கொள்ளாயாக’ என்று யாத்திராகமம் 23:1 எல்லாக் கட்சிக்கும் பொதுவாகத்தான் சொல்கிறது.

எல்லாம் பார்த்த பிறகும் ஒருவரும் தேறவில்லை என்றால் நோட்டா இருக்கிறது. 2013லிருந்து அது எந்திரத்தில் கடைசிப் பொத்தான். ஆனால் நோட்டா முதலிடம் பெற்றாலும் அடுத்து அதிக ஓட்டு வாங்கியவரே ஜெயிப்பார், தேர்தல் ரத்தாகாது. அதே நியாயாதிபதிகள் 9-ல் அபிமெலேக்கின் தம்பி யோதாம் சொன்ன கதையில், மரங்கள் தங்களுக்கு ராஜாவைத் தேடியபோது ஒலிவமரமும் அத்திமரமும் திராட்சச்செடியும் எனக்கு வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டதால்தான் முட்செடி ராஜாவானது. பூரணமான ஆள் கிடைக்காதபோது, இருப்பவர்களில் சிறுமையானவனுக்குக் குறைந்த தீங்கு செய்கிறவரைத் தேர்ந்தெடுப்பது சமரசமாகத் தோன்றலாம், எனக்கு அது ஒதுங்குவதை விட மேலாகப் படுகிறது. ‘பிரபுக்களை நம்பாதேயுங்கள்’ என்ற 146ஆம் சங்கீதத்தை மனசில் வைத்துக்கொண்டு போட்டால், அவர் நாளை கவிழ்த்தாலும் விசுவாசம் கவிழாது.

ஓட்டுப் போட்டு வந்த பிறகு இரண்டு வேலை பாக்கி. ஜெயித்தவர் நீங்கள் போடாதவராக இருந்தாலும் 1 தீமோத்தேயு 2:2-ன்படி பெயர் சொல்லி ஜெபிப்பது ஒன்று. அவருடைய படிவம் 26ஐயும், நீங்கள் ஓரத்தில் ஆறு பெயர் எழுதிய தேர்தல் அறிக்கையையும் ஒரு கோப்பில் போட்டு வைப்பது இன்னொன்று. ஐந்து வருஷம் கழித்து அவர் கொடுக்கும் அடுத்த பத்திரத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்க அது வேண்டும்.